இடுப்பில் ஒரு ஒலிபெருக்கி: அறிவியல் டீச்சரின் ஒன்றரை வருடக் கணக்கு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். 1,650 ரூபாய். 2024 ஜூனில், பள்ளி திறந்த வாரத்தில் ஆன்லைனில் வாங்கியது. மூக்குக்கண்ணாடிக் கூட்டைவிடச் சற்றுப் பருத்த ஒரு கறுப்புப் பெட்டி, தலையில் மாட்டிக்கொள்ள வயரோடு ஒரு மைக், இடுப்புக்கு ஒரு பெல்ட், சார்ஜ் போட ஒரு கேபிள், எறும்புகூடப் படிக்க முடியாத எழுத்தில் ஒரு கையேடு. கோயிலைச் சுற்றிக் காட்டும் கைடுகள், பொருட்காட்சியில் காய் வெட்டும் கருவி விற்கிறவர்கள் எல்லாம் கட்டியிருப்பார்களே, அதேதான். கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பயனில்லை. ஒரே பெட்டி ஏழெட்டுப் பெயர்களில் விற்கிறது. எனக்கு வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பெயர், உள்ளே இருந்த சாமானில் வேறு பெயர்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். சர்வீஸ் பத்தொன்பது வருடம். எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது மூன்றுக்கும் நான்தான். நாளைக்கு எட்டு பீரியடு என்றால் ஐந்து என்னுடையது, யாராவது லீவு போட்டால் ஆறு. அரையாண்டு நெருங்கும்போது பத்தாவதுக்கு மாலைச் சிறப்பு வகுப்பும் சேர்ந்துகொள்ளும்.

இந்தப் பெட்டியை வாங்கும்படி ஆனதற்குக் காரணம் 2024 பொங்கல். விடுமுறை முடிந்து வந்த மூன்றாம் நாள் காலை பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு வாயைத் திறந்தேன், காற்று மட்டும் வந்தது. தொண்டை கட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. ஜூலையில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை, வரி கட்டுவது போலக் கட்டிவிட்டுப் போவோம். இந்த முறை ஒரு வாரமாகியும் திரும்பவில்லை. சமூக அறிவியல் டீச்சர் சித்தரத்தை கொடுத்தார். தமிழ் ஐயா அதிமதுரத்தை மெல்லச் சொன்னார். சத்துணவு அக்கா மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். ஹெச்.எம். மட்டும், "லீவு போட்டுடாதீங்க டீச்சர், சும்மா வந்து உட்காருங்க, பசங்க எழுதிட்டு இருக்கட்டும்" என்றார். திருப்புதல் தேர்வு நேரம், அவர் கவலை அவருக்கு.

கடைசியில் புதுக்கோட்டை டவுனில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர். மெல்லிய கேமராவை உள்ளே விட்டு என் குரல்நாண்கள் இரண்டையும் திரையில் காட்டினார். வெளுப்பாக இருக்க வேண்டியவை சிவந்து கிடந்தன. இரண்டிலும் எதிரெதிரே கடுகளவு தடிப்பு. பாடகர்களுக்கும் டீச்சர்களுக்கும் சந்தையில் கூவி விற்கிறவர்களுக்கும் வருவதுதான் என்றார். பத்து நாள் பேசக் கூடாது, குசுகுசுவென்றும் பேசக் கூடாது, செருமக் கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதில் தண்ணீர்தான் கஷ்டமான பத்தியம். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், அடுத்தடுத்து பீரியடு இருக்கும்போது எங்கே போவது? காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒரு டம்ளர் என்று உடம்பைப் பழக்கி வைத்திருக்கும் பெண் டீச்சர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தபோது இன்னொரு கணக்குப் போட்டேன். சாதாரணமாகப் பேசும் ஒரு பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை அதிரும். ஒரு பீரியடு 40 நிமிடம். மூச்சு விடுகிற நேரம், போர்டில் எழுதுகிற நேரம் என்று பாதியைக் கழித்துவிட்டாலும் 2,40,000 முறை. ஐந்து பீரியடுக்குப் பன்னிரண்டு லட்சம். ஒரு நாளைக்கு அத்தனை முறை ஒன்றோடொன்று மோதுகிற இரண்டு சின்ன மடிப்புகளுக்கு, இத்தனை வருடத்தில் நான் கொடுத்த பராமரிப்பு ஒரு விக்ஸ் மிட்டாய்.

அந்தப் பத்து நாளும் பள்ளிக்குப் போனேன். சொல்ல வேண்டியதைப் போர்டில் எழுதினேன். மேசையைத் தட்டினேன், கையை ஆட்டினேன். மூன்றாவது நாள்தான் கவனித்தேன், பிள்ளைகளும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வகுப்புத் தலைவன் அருகில் வந்து, நல்ல தொண்டையை வைத்துக்கொண்டு, என் காதோரம் கிசுகிசுத்தான்: "டீச்சர், சாக்பீஸ் எடுத்துட்டு வரட்டா?"

சுற்றிலும் சத்தம் ஏறினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை ஏற்றுகிறான். 1911-ல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தது இது. வகுப்பறையில் நடப்பது அப்படியே இதுதான். அவர்கள் பேச, நான் கத்த, என் கத்தலுக்கு மேலே கேட்க அவர்கள் இன்னும் உரக்கப் பேச, நான் இன்னும் கத்த. யாராவது ஒருவர் முதலில் இறங்க வேண்டும். எனக்குத் தொண்டை போனதால் நான் இறங்கினேன்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பு 'அ'வும் 'ஆ'வும் உண்மையில் ஒரே ஹால். நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர், அதற்குமேல் ஓடு வரைக்கும் வெட்டவெளி. என் பக்கம் 44 பேர். மூன்று ஃபேன், அதில் ஒன்று கரகரவென்று அரைக்கும். ஜன்னலுக்கு வெளியே பஸ் ரோடு. முதல் பெஞ்சு என்னிடமிருந்து இரண்டு மீட்டர், கடைசி பெஞ்சு எட்டு மீட்டர். தூரம் நான்கு மடங்கானால் ஒலியின் செறிவு பதினாறில் ஒரு பங்கு. இது திறந்தவெளிக் கணக்கு, அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும். ஆனாலும் கடைசி பெஞ்சுக்கு மிச்சம்தான் போகிறது.

முதல் நாள் மாட்டிக்கொண்டு போனபோது பெரிய கூத்தெல்லாம் இல்லை. இரண்டு நிமிடம் சிரித்தார்கள், அவ்வளவுதான். கடைசி பெஞ்சில் ஒருவன் ஜன்னல் வழியே ஏதோ பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இங்க பாருப்பா, படத்தைக் கவனி" என்றேன், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில். அவன் திரும்பிப் பார்த்தான். பெல் அடித்ததும் வந்து கேட்டான்: "டீச்சர், இன்னிக்கு ஏன் என்னைத் திட்டலை?"

எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. எட்டு மீட்டருக்குக் கேட்க வேண்டும் என்று கத்திச் சொல்லும்போது, "படத்தைக் கவனி" என்பதும் திட்டுதான். "உன் நோட்டு எங்கே" என்பதும் திட்டுதான். "நல்லா எழுதியிருக்கே" என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்லியிருக்கிறேன். பத்தொன்பது வருடமாக முன் பெஞ்சுக்கு ஒரு டீச்சரும் பின் பெஞ்சுக்கு எப்போதும் கோபமாக இருக்கும் வேறொரு டீச்சரும் பாடம் நடத்தியிருக்கிறார்கள். இரண்டும் நான்தான். 1,650 ரூபாய் அந்த ஒரு கேள்விக்கே சரியாகப் போயிற்று என்பேன்.

ஒலியின் தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் அல்லவா? பேச்சுக்குப் போதும். பாட்டுக்கு உதவாது. அடிக்குரல் மெலிந்து, மூக்கால் பேசுவது போல வரும். மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் பொட்டுப் பொட்டென்று வெடிக்கும். வாயின் ஓரத்தில், ஒரு விரல் தள்ளி வைக்க வேண்டும். தமிழ் ஐயா ஒரு நாள் இரவல் வாங்கிப் போனார். மதியமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "என் ழகரத்தை இது தின்னுடுது டீச்சர். வாழைப்பழம்னு சொன்னா வாளைப்பளம்னு கேக்குது, அதுக்கு நான் தமிழ் நடத்தி என்ன புண்ணியம்" என்றார். எனக்குப் பிரச்சினை இல்லை. ஒளிவிலகலில் ஒரே ஒரு ஒளிதான், ஒலியியல் வரும்வரைக்கும் குழப்பம் கிடையாது.

குழப்பம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம் கணக்கு சார். நான் கத்திய காலத்தில் அவரும் கத்தினார், அதில் ஒரு சமநிலை இருந்தது. மைக் வந்ததும் சமநிலை போயிற்று. மூன்றாவது நாள் சுவருக்கு மேலே தலை தெரிந்தது. "டீச்சர், உங்க குழி ஆடி எல்லாம் எங்க வட்டத்துக்குள்ள உருண்டு வருது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த வாரக் கடைசியில் அவரும் ஒரு மைக் வாங்குவது பற்றி விசாரித்ததாகக் காதில் விழுந்தது. லொம்பார் சொன்னது எந்திரத்தோடு மறுபடி ஆரம்பிக்கப் போகிறது என்று பயந்துபோய், மாலையில் இருவரும் உட்கார்ந்து பேசினோம். காலியான ஹாலில் நான் பேச, அவர் தன் பக்கம் நடுப் பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னும் குறைங்க, இன்னும், ம்ம், போதும்" என்றார். அந்த அளவில் வால்யூம் திருகியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். ஒன்றரை வருடமாக அந்தப் புள்ளியைத் தாண்டியதில்லை. மழை நாள் மட்டும் விதிவிலக்கு. மழை ஓட்டில் விழும்போது இருவருமே பாடம் நடத்துவதில்லை, எழுத்து வேலைதான். தடுப்புச் சுவர் உள்ள பள்ளியில் வேலை செய்கிறவர்கள் பெட்டியோடு ஒரு நெயில் பாலிஷும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கட்டிக்கொள்வது. இதை வடிவமைத்தவர் பேண்ட் போட்ட ஆணை மனதில் வைத்துத்தான் வடிவமைத்திருக்கிறார். சந்தேகமே இல்லை. புடவைக்கு மேல் பெல்ட்டைக் கட்டினால் கொசுவம் கலைகிறது. இடது பக்கம் வைத்தால் முந்தானை ஸ்பீக்கரை மூடி, போர்வைக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கிறது. கழுத்தில் தொங்கவிட்டால் மைக்குக்குப் பக்கத்தில் வந்து கூவுகிறது. பத்து நாள் போராடிவிட்டு, பழைய ஜாக்கெட் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, முன்பக்கம் ஸ்பீக்கருக்கு ஓட்டை விட்டு, தோளிலிருந்து குறுக்காக மாட்டிக்கொண்டேன். கண்டக்டர் பை மாதிரி இருக்கிறது. எட்டாம் வகுப்பில் நுழைந்தபோது பின்னால் இருந்து யாரோ "புதுக்கோட்டை ஒண்ணு" என்றார்கள். யார் என்று கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க விரும்பவும் இல்லை, நானே சிரித்துவிட்டேன்.

ஆன் செய்யும்போது உள்ளிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் அறிவிக்கும். பக்கத்தில் உள்ள பொத்தானில் தெரியாமல் கைபட்டால் "ப்ளூடூத் மோட்" என்று அதட்டிச் சொல்லும், அதோடு மைக் வேலை செய்யாது. எந்த நேரத்தில் வேண்டுமானாலும் சொல்லும். அலகுத் தேர்வு நடந்துகொண்டிருந்த நிசப்தத்தில் ஒரு நாள் சொல்லியது. அன்றிலிருந்து நான் வராந்தாவில் வருவது தெரிந்தாலே எட்டாம் வகுப்பில் எச்சரிக்கைச் சங்கு அதுதான். ஒருவன் "ப்ளூடூத் மோட்" என்பான், நாற்பது பேரும் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முன்பெல்லாம் "டீச்சர் வர்றாங்கடா" என்றிருந்தது.

கூவல் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த குறை அது. பிள்ளையின் நோட்டைப் பார்க்கக் குனிந்தால் வாயருகே உள்ள மைக் இடுப்பருகே உள்ள ஸ்பீக்கரை நெருங்கும். உடனே 'கீ' என்று காதைக் கிழிக்கும். மூலையில் சுவரைப் பார்த்து நின்றாலும் அப்படித்தான். டென்மார்க்கைச் சேர்ந்த சோரன் லார்சன் என்ற இயற்பியலாளரின் பெயரால் இதை லார்சன் விளைவு என்பார்கள். ஸ்பீக்கரில் வருவது மைக்குக்குள் போகிறது, பெருகி மறுபடி ஸ்பீக்கரில் வருகிறது, மறுபடி மைக்குக்கு. வட்டிக்கு வட்டி.

போன வருடம் பத்தாவதில் ஐந்தாம் பாடம், ஒலியியல். எதிரொலி கேட்கச் சுவர் குறைந்தது 17.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று வரும். எங்கள் ஹால் தடுப்பைத் தாண்டி மொத்தமாக அளந்தாலும் பதினாறுதான். ஆகவே எதிரொலி இல்லை, சத்தம் சுவர்களில் பட்டுப் பட்டுச் சற்று நீளும் எதிர்முழக்கம் மட்டும். அதை நடத்தும்போது பெட்டியையே மேசைமேல் வைத்து மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கூவ வைத்தேன். ஒரே அமர்க்களம். அப்போது மூன்றாம் பெஞ்சுப் பையன் ஒருவன், பரீட்சையில் முப்பத்தைந்தைத் தாண்டுவானா என்று நான் பயந்துகொண்டிருக்கிற ஒருவன், எழுந்தான். "டீச்சர், நீங்க பேசவே இல்லையே. முதல் சத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

நான் நின்றுவிட்டேன். வட்டிக்கு வட்டி சரி, அசல் யார் போட்டது? கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். சேர்ந்து யோசித்தோம். ஃபேனை நிறுத்திப் பார்த்தோம், அப்போதும் கூவியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம், அப்போதும் கூவியது. வெளியே வேப்பமரத்தில் காக்கை. தூரத்தில் பஸ். பெட்டிக்குள்ளேயே மின்சாரத்தின் மெல்லிய இரைச்சல். முழு நிசப்தம் என்று ஒன்று அறைக்குள் இல்லவே இல்லை. காதுக்கு எட்டாத ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றிப் பெருத்து ஊரைக் கூட்டுகிறது. "அப்ப, வதந்தி மாதிரி டீச்சர்" என்றான். பொதுத்தேர்வில் இதற்கெல்லாம் மார்க் கிடையாது. எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25, இரண்டிலும் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், கால் வலிக்கவில்லை.

பேட்டரி: 12 மணி நேரம் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் ஒரு சார்ஜுக்கு மூன்று நாள் ஓடியது, கூட்டிப் பார்த்தால் பத்து மணி நேரம். மோசமில்லை. இப்போது ஒன்றரை நாள். இரவு போனோடு சேர்த்து இதையும் சார்ஜில் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. மறந்த நாளில் ஐந்தாவது பீரியடு நடுவே பேட்டரி குறைவு என்று அந்த இங்கிலீஷ் அம்மாள் சொல்லிச் சொல்லி மானத்தை வாங்குவார்.

வயர்தான் இதன் உயிர்நிலை, அதுவேதான் பலவீனம். ஐந்தாம் மாதமே பெட்டியில் செருகும் இடத்தில் உள்ளே கம்பி அறுந்து, விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தது. ஆறு மாத வாரண்டி உண்டே என்று விற்றவர்களுக்கு எழுதினேன். வாரண்டி பெட்டிக்கு, மைக்குக்கு இல்லை என்று பதில். மைக் இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் தம்பி, ஐம்பது ரூபாய்க்குப் பற்ற வைத்து, மேலே ஒரு பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கைச் சுற்றிக் கொடுத்தார். அது இன்னும் நிற்கிறது. ஆனாலும் 180 ரூபாய்க்குத் தனி மைக் ஒன்று வாங்கிப் பீரோவில் வைத்திருக்கிறேன். மைக் முனையில் இருக்கும் பஞ்சு உறை எப்படியும் காணாமல் போகும். போனதும் கணவரின் பழைய சாக்ஸை வெட்டிக் கட்டினேன். துவைத்ததுதான், கேட்காதீர்கள்.

இனி, சொல்லத் தயங்கும் விஷயம். இதைச் சொல்லாமல் இந்த விமர்சனம் எழுதுவதில் அர்த்தமில்லை.

ஆன் ஆகியிருப்பதைக் காட்டும் சின்ன நீல விளக்கு பெட்டியின் முன்முகத்தில் இருக்கிறது. கட்டியிருப்பவருக்கு அது தெரியாது, எதிரே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வயரில் பேச்சை நிறுத்தும் சுவிட்ச் எதுவும் இல்லை. திருகியைக் கடைசி வரை திருகி 'டக்' என்று அணைக்க வேண்டும்.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு நாள், ஒன்பதாவது பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்திருந்தேன். நான்கு நாள் வராமல் இருந்த ஒரு மாணவி அன்று வந்திருந்தாள். மேசைக்கு அருகில் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். வகுப்பாசிரியர் என்ற முறையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்த ஒரு விஷயம். என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை ஒலிபரப்பியது போதும்.

நாற்பத்து மூன்று பேனாக்களும் நின்ற சத்தம் கேட்டது. பேனா எழுதும்போது சத்தம் உண்டா என்று கேட்பீர்கள். நிற்கும்போது உண்டு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கணக்கு சார் பேசுவதை நிறுத்தியிருந்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திருகியைத் தேடி, இரண்டு முறை தவறி, ஒரு முறை கூட்டிவிட்டு, அப்புறம் அணைத்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டுக் கழுவும் குழாயடியில், பெட்டியை ஸ்டாஃப் ரூமிலேயே வைத்துவிட்டுப் போய், "மன்னிச்சுக்கம்மா, அணைச்சுட்டேன்னு நெனச்சேன்" என்றேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் டீச்சர்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா உங்களுக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது" என்றாள். தட்டை உதறிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வாரம் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம். போர்டை விட்டு நகர்ந்தால் மைக்கை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுத் திருகியை அணைத்துவிடுவேன். பாடம் பெட்டி வழியாகப் போகும், மற்றதெல்லாம் பக்கத்தில் போய். இது தெரிந்த பிறகு கணக்குப் பார்த்தேன். ஒரு பீரியடில் நான் பேசுவதில் பாதிக்கு மேல் யாரோ ஒருவருக்கு மட்டுமானது. ஏன் சாப்பிடவில்லை, கையில் என்ன காயம், மூக்கைத் துடை, இந்தக் கணக்கைப் போய் இவன் எப்படிப் போட்டான் பார். முன்பு இதையெல்லாமும் நின்ற இடத்திலிருந்து கத்தியிருக்கிறேன்.

ஆகவே வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை வாட் என்று அல்ல. வயரிலேயே நிறுத்தும் சுவிட்ச் உள்ளதா, விளக்கு மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருநூறு முந்நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. வயரில்லாத மைக்கும் வந்துவிட்டது, வயர் அறுகிற தொல்லை இல்லை. ஆனால் அதை மாட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு நடந்து போய், பெட்டியை வகுப்பிலேயே விட்டுவிட்ட ஒரு டீச்சரைப் பற்றிப் பக்கத்துப் பள்ளியில் சொல்கிறார்கள். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு வயர் போதும்.

இருபது பேருக்குள் உள்ள வகுப்பு, கதவு மூடும் அறை என்றால் இது தேவையே இல்லை, பணத்தை வீணாக்காதீர்கள். தொண்டையில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் போங்கள், பெட்டி மருந்து ஆகாது. போன டிசம்பரில் நான் மறுபடி கேமராவில் பார்த்துக்கொண்டேன். தடிப்பு வற்றியிருக்கிறது. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். குடிக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். விளக்கு மேல்பக்கம் இருந்திருந்தால் நாலரை.

அந்தப் பெண் இப்போது பத்தாவது. இரண்டாம் பெஞ்சு, சுவரோரம். போன வாரம் பாடத்தை நடத்தி முடித்துவிட்டு ஒருவன் நோட்டைப் பார்க்கக் குனியப் போனேன், பழக்கம் தவறி மைக் வாயருகேயே இருந்தது. பேச வாயெடுக்கும் முன் நிமிர்ந்து பார்த்தால், அவள் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், இடது கையின் இரண்டு விரலைக் காற்றில் திருகிக் காட்டினாள்.